லாரி போன பிறகு: வாலாஜாபாத் கல் தூசு பற்றிச் சில குறிப்புகள்

வாலாஜாபாத்தில் மெயின் ரோட்டை ஒட்டின வீடு ஏதாவது ஒன்றில் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டுவது செம்மண் இல்லை. சாம்பல் நிறத்தில், அரிசி மாவு மாதிரி நைசாக இருக்கும். காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி வந்திருக்கும். யாரைக் கேட்டாலும் "லாரி தூசுங்க" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். மழை, வெயில் மாதிரி அதுவும் ஊரோட இயற்கை என்று ஆகிவிட்டது.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. குவாரிக்குச் சட்டம் இருக்கு, கிரஷருக்குச் சட்டம் இருக்கு, காற்றுத் தரத்துக்கு எண்கள் இருக்கு. அப்புறம் எப்படி இந்த மாவு தினமும் ஜன்னலில் வந்து உட்காருது? இதைத் தேடிப் படித்தபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கல். பாலாற்றுக்குத் தெற்கே திருமுக்கூடல், மதூர், அருங்குன்றம், பழவேரி பக்கமெல்லாம் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. அங்கே உடைபடும் கருங்கல் வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவின் ஆரம்பகாலக் கதையில் வருகிற ஜாப் சார்னாக் என்ற கும்பினி ஆளுக்கு அங்கே வைத்த கல்லறைக் கல், நம்ம சென்னைப் பக்கத்துக் கல். பின்னால் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்து இந்தப் பாறைக்குப் பெயர் கொடுத்தார். பல்லாவரத்தில் உடைத்த கல்லுக்குக் கல்கத்தாவில் செத்தவர் பெயர்! அது போகட்டும். நமக்கு முக்கியமானது, இந்தப் பாறைக்குள் குவார்ட்ஸ் இருக்கிறது என்பது. குவார்ட்ஸ் என்றால் படிக வடிவ சிலிக்கா.

ஆற்று மணல் கிடைப்பது குறையக் குறைய அந்த இடத்தை எம்-சாண்ட் பிடித்துக்கொண்டது. அது பாறையை அரைத்துச் செய்கிற மணல். ஆற்று மணலை ஆறே ஆயிரக்கணக்கான வருஷம் கழுவி வைத்திருக்கும், அதனால் அதில் மாவு கம்மி. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383 ஆற்று மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உடைத்த மணலுக்கு அதே தரநிலை 15 சதவீதம் வரை விடுகிறது. கட்டடத்துக்கு அது பாதகமில்லை என்பதால் விடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் தார்ப்பாய் போடாத ஒரு டிப்பர் காய்ந்த எம்-சாண்டோடு நம்ம தெரு வழியாகப் போகும்போது, சட்டப்படி சரியான சரக்கிலேயே டன்னுக்கு 150 கிலோ வரை தூள் இருக்கலாம் என்று அர்த்தம்.

இப்போ தூசின் அளவு. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. நம்ம ஊருக்கு ஏற்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது: பட்டு. சாயம் போடுவதற்கு முன்னால் பட்டை அவித்துப் பசை எடுப்பார்கள் இல்லையா, அப்படிப் பசை போன பிறகு மிஞ்சுகிற தனி இழை ஏறத்தாழ 10 மைக்ரான் கனம். நெசவாளர் கையில் இருக்கும் நூல் அப்படிப்பட்ட பல இழைகள் சேர்ந்தது. அந்தத் தனி இழையின் கனமும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைத்தான் பி.எம். 10 என்கிறார்கள். அதற்கும் நாலில் ஒரு பங்கு கனத்துக்குக் கீழ் போனால் பி.எம். 2.5.

இந்த அளவு எதற்கு முக்கியம்னா, கீழே விழ எடுத்துக்கொள்ளும் நேரம். காற்று அசையாத ஒரு அறையில் நின்ற ஆள் மூக்கு உயரத்திலிருந்து, அதாவது ஒன்றரை மீட்டரிலிருந்து, 100 மைக்ரான் கல் துகள் சுமார் 3 விநாடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு 3 நிமிஷம். 1 மைக்ரான் துகளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல். ஜன்னல் கம்பியில் நீங்க பார்க்கிற மாவு பெரும்பாலும் கனமான ரகம், விழுந்துவிட்டது. நமக்குக் கெடுதல் செய்கிறது இன்னும் விழாதது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் மாட்டுகிற பெரிய தூசை உடம்பே சளியாகத் தள்ளிவிடும். 4 மைக்ரானுக்குக் கீழே போகப் போக, துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகும்.

அங்கே போன சிலிக்கா துகளை உடம்பின் காவல் செல்கள் விழுங்குகின்றன. கிருமி என்றால் கரைத்துவிடும், கல்லைக் கரைக்க முடியாது. விழுங்கின செல் செத்துப்போகும், துகள் மறுபடி வெளியே வரும், இன்னொரு செல் விழுங்கும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு சேரச் சேர நுரையீரல் தோல் மாதிரி இறுகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரலாம், விழுந்த தழும்பை எடுக்க மருந்து இல்லை. சிலிக்கா சேர்ந்த நுரையீரலில் காசநோயும் சுலபமாகப் பற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்தது.

இதைப் படித்துவிட்டு ரோட்டோர வீட்டுக்காரர் எல்லாம் பயப்பட வேண்டாம். சிலிகோசிஸ் முக்கியமாக வேலை செய்கிறவர்களின் நோய். ஜாக்ஹாமர் பிடிக்கிறவர், கிரஷர் ஹாப்பர் பக்கத்தில் நிற்கிறவர், சல்லடையில் கல் மாற்றுகிறவர். குஜராத்தில் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்குப் போன ஆதிவாசிகள் கொத்துக் கொத்தாக இந்த நோயில் செத்தார்கள். 238 பேர் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2016ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ரோட்டோரம் இருப்பவர்களுக்கு வருகிற தொல்லை வேறு வகை: இழுப்பு, விடாத இருமல், குழந்தைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி, ஏற்கெனவே இதயக் கோளாறு இருப்பவர்களுக்குக் கூடுதல் சுமை. கூடவே டீசல் புகையும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், தொழிலாளியின் நோய்க்கும் நியாயம் கிடைக்காது, ஊராரின் புகாரும் மிகைப்படுத்தலாகப் போய்விடும்.

2022 பிப்ரவரியில் மதூர் குவாரியில் பாறை சரிந்து ஆள் செத்தபோது டிவிக்காரர்கள், அதிகாரிகள் எல்லோரும் வந்தார்கள். வர வேண்டியதுதான். தூசில் நுரையீரல் போகிறவருக்கு அப்படி ஒரு நாள் வராது. அவர் கணக்கில் "டி.பி." அல்லது "ஆஸ்துமா" என்று எழுதப்படுகிறார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் என் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தது.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959. அதில் 36வது விதிப்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி குத்தகை கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குடியிருப்பு என்றால் எது? வருவாய்த் துறைப் பதிவேட்டில் கிராம நத்தமாக, நகர்ப் பகுதியாக, வீட்டு மனையாக இருப்பது, இல்லாவிட்டால் முறையாக ஒப்புதல் வாங்கின மனைப்பிரிவு. பட்டா நிலத்தில் நாலு தலைமுறையாக வீடு கட்டி இருந்தாலும், பதிவேடு அதை விவசாய நிலம் என்று சொன்னால் வாதாட வேண்டி வரும். குவாரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் இதுதான்: உங்க தெரு வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருக்கு?

அடுத்தது கிரஷர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2004ல் கொண்டுவந்த விதிப்படி புதிய கிரஷர் குடியிருப்பு, நெடுஞ்சாலை, பொது இடங்களிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கிரஷருக்கு என்று தனி அளவு உண்டு: இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால் மிதக்கும் துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தூசு அடக்கும் ஏற்பாடு, காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் கெட்டிச் சாலை, தரையைக் கூட்டி நனைப்பது, சுற்றிலும் மரம் என்று அந்த விதியில் எல்லாம் இருக்கு.

மூன்றாவது பொதுவான காற்றுத் தரம். 2009 தேசிய அளவின்படி பி.எம். 10 ஒரு நாள் சராசரி 100 மைக்ரோகிராம், வருஷச் சராசரி 60. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது ஒரு நாளுக்கு 45, வருஷத்துக்கு 15. இந்த 100ஐயும் மேலே சொன்ன 600ஐயும் அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒன்று எல்லா அளவுத் துகளையும் இயந்திரத்துப் பக்கத்தில் அளப்பது, மற்றது மூச்சுக்குள் போகிற அளவை ஊருக்குள் அளப்பது.

இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். குவாரியைச் சுற்றி 300 மீட்டர் வட்டம். கிரஷரைச் சுற்றி 500 மீட்டர் வட்டம், இயந்திரத்தை ஒட்டி ஒரு அளவு. இரண்டு வட்டத்துக்கும் வெளியே, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு: திருமுக்கூடல் பாலம், பழையசீவரம், வாலாஜாபாத், அங்கிருந்து ஒரகடம் பக்கம். லாரி போகிற ரோடு. அந்தக் கோட்டின் மேல் எந்த வட்டமும் விழவில்லை. கிரஷர்காரர் "என் வளாகத்தில் அளந்து பாருங்க, சரியா இருக்கு" என்பார், அது உண்மையாகவும் இருக்கலாம். காற்றுத் தரம் கெட்டது என்று நிரூபித்தால்கூட அது யாருடைய தூசு? ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, லாரி வேறொருவருடையது, சரக்கு இன்னொருவருடையது.

ரோட்டைப் பற்றிப் பேசுகிற ஒரு காகிதம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சின்ன குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதன்படி கொடுக்கப்படும் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். தார்ப்பாய் போட வேண்டும், அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது, பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊருக்குள் நெரிசல் ஆக்கக் கூடாது என்பது மாதிரியானவை வழக்கமாக அதில் வரும். குவாரிக்காரர் ஆறு மாசத்துக்கு ஒரு முறை நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையும் கொடுக்க வேண்டும். கடிதம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பொதுவில் இருக்கும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

"தூசு தாங்க முடியல, நடவடிக்கை எடுங்க" என்று திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். "இந்த சர்வே எண் குவாரிக்கான அனுமதிக் கடிதத்தின் இத்தனாவது நிபந்தனை தார்ப்பாய் போடச் சொல்கிறது. இந்தத் தேதி, இந்த நேரம், இந்த எண் வண்டி போடாமல் போனது" என்று எழுதினால் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம். சுற்றியுள்ள கிராமங்களில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அங்கே தீர்மானமாகவும் போடலாம். வாலாஜாபாத் பேரூராட்சி, அதனால் கிராம சபை கிடையாது. ஆனால் லாரி கிளம்புகிற ஊர்களுக்கு உண்டு. அங்கே போடுகிற தீர்மானம்தான் இங்கே உள்ள ஜன்னலுக்கும் உதவும்.

என்ன கேட்பது என்பதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கு. பொதுவாக "தண்ணி தெளிங்க" என்றுதான் கேட்கிறோம். சித்திரை வெயிலில் அது சீக்கிரமே காய்ந்துவிடும், அடியில் படிந்த மாவு அப்படியே இருக்கும். அடுத்த லாரி அதைக் கிளப்பும். ரோட்டுத் தூசைக் கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் சூத்திரத்தில் இரண்டே முக்கியமான விஷயம்: ரோட்டின் மேல் எவ்வளவு நைஸ் தூள் கிடக்கிறது, மேலே ஓடும் வண்டிகளின் சராசரி எடை என்ன. எது இரட்டித்தாலும் கிளம்புகிற தூசு கிட்டத்தட்ட இரட்டிக்கும். அப்படியென்றால் தூளை நனைப்பதை விட அள்ளி எடுப்பது மேல். விளக்குமாறால் ஓரத்துக்குத் தள்ளுவது அள்ளுவது ஆகாது, உறிஞ்சி எடுக்கும் வண்டி வேண்டும். குவாரி வாசலில் டயர் கழுவும் தொட்டி இருந்தால் தூள் ரோட்டுக்கே வராது. தார் ரோட்டுக்கு ஓரமாக உள்ள மண் பட்டையைக் கெட்டியாக்குவதும் உதவும், லாரி ஒதுங்கும்போது அங்கிருந்துதான் மண் மேலே வருகிறது. எடைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவு இருக்கவே இருக்கு: கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதன் மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. கூடுதல் பாரத்தை எல்லாரும் ரோடு கெடுவதோடும் விபத்தோடும்தான் சேர்த்துப் பேசுகிறோம், தூசோடு சேர்த்துப் பேசுவதே இல்லை.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை வீட்டில் என்ன செய்வது?

அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் பல வீடுகளில் வீடேதான் தொழிற்கூடம். குழித்தறியில் உட்கார்ந்தவர் கால் குழிக்குள், முகம் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில். தவழுகிற குழந்தைக்கு அதுவும் இல்லை. பட்டில் தூசு படியக் கூடாதென்று நெய்த சேலைப் பகுதியைத் துணி சுற்றி வைக்கத் தெரிந்த வீட்டில், காலையில் பூந்துடைப்பத்தால் உலர்ந்த தரையைச் சரக் சரக்கென்று பெருக்குவார்கள். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குக் கிளப்பிய நைஸ் தூசு 10 மணிக்கும் அறைக்குள் மிதக்கும், அதற்குள் தறியில் ஆள் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் 2016ல் வந்த சிலிக்கா விதி, வேறு வழி இருக்கும் இடத்தில் உலர்ந்தபடி பெருக்குவதையே வேலையிடத்தில் தடுக்கிறது. நம்ம வீடுகளில் வாசலுக்குத் தண்ணி தெளிச்சுத்தான் பெருக்கறோம். அதே அறிவு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரணும், அவ்வளவுதான். உள்ளே ஈரத்துணியால் துடைப்பது முதலில். பெருக்கியே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, தறிக்கு உட்காருவதற்கு ரொம்ப முன்னால், குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு.

ரோட்டுப் பக்க ஜன்னலை லாரி அதிகம் ஓடும் நேரத்தில் மூடி, பின்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் நாள் முழுக்க மூடி வைத்தால் சமையல் புகையும் கொசுவர்த்திப் புகையும் உள்ளேயே தங்கும். மூடின அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுசாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்த அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று 2003ல் வந்த ஒரு ஆய்வு அளந்து சொன்னது. லாரியைத் திட்டிக்கொண்டே ராத்திரி முழுக்க அதைக் கொளுத்துவதில் அர்த்தமில்லை, கொசுவலை மேல். கைக்குட்டையும் துப்பட்டாவும் பெரிய தூசைத்தான் தடுக்கும். நுண்ணியதற்கு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வியர்வையில் கல் உடைக்கச் சொல்வது, இயந்திரத்தில் தண்ணீர் விட வேண்டிய முதலாளியின் செலவைத் தொழிலாளியின் மூக்கில் கட்டுவது என்பது என் கருத்து.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் உள்ள ஆதுலர்சாலை, வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், இவர்களுக்கெல்லாம் என்ன சம்பளம் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லை இப்படியும் பயன்படுத்தின ஊர் அது. போனால் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், குவாரியிலோ கிரஷரிலோ வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால். இருமலுக்கோ மூச்சு வாங்குதென்றோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "கல் உடைக்கிற வேலை, இத்தனை வருஷம்" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் சிலிகோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தெரியலாம். சளியில் கிருமி இல்லாமலே மாசக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டும் குணமாகவில்லை என்றால் தொழிலைச் சொல்லி மறுபடி கேளுங்கள். பழைய எக்ஸ்-ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, எதுவும் இல்லாவிட்டால் கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. கண்டுபிடித்த மருத்துவர் எழுதி அனுப்ப வேண்டும், இழப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.